ஸ்கூட்டர் வாங்கியதில் ஒரு நஷ்டம்

மதுரையில் இருந்தபோது இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகனோடு தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடப்பேன். வீட்டில் "ஸ்கூல்ல என்னடா விசேஷம்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பான். அங்கே மூன்றாவது கரை திரும்புவதற்குள் தானாகவே எல்லாம் சொல்லிவிடுவான். கணக்கில் ஃபெயிலாகி, ரேங்க் கார்டில் என் கையெழுத்தை அவனே போட்டதையும் அங்கேதான் சொன்னான். முகத்தைப் பார்க்காமல் பேசலாம் அல்லவா! என் கோபம் ஆறவும் இன்னும் ஒரு கரை மிச்சமிருந்தது.

பிறகு ஸ்கூட்டர் வாங்கினேன். பின்னால் உட்கார்ந்து அவன் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று.

இப்போது அவன் தன் மகளுக்கு ஒதுக்க நேரமில்லை என்கிறான். தனியாக எதற்கு ஒதுக்க வேண்டும்? பால் வாங்கப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு நடந்தால் போதாதா?

நேற்று நான்தான் அவளோடு போனேன். அவள் சொன்னதை இவனிடம் சொல்லவில்லை. நடந்து போய் அவனே கேட்டுக்கொள்ளட்டும்.