விளையாட்டு நீராவி வண்டி

தமிழ் ஆனர்ஸ் மாணவர் கையில் ஏடும் எழுதுகோலும் இருத்தல் இயல்பு; அரமும் பற்றாசும் இருப்பின் அது நகைப்பிற்கு இடமாகும் என்பதனைச் சென்ற ஓராண்டாக யாம் நன்கு அறிந்திருக்கிறோம். ‘தொல்காப்பியம் முடிந்ததோ, புகைவண்டி முடிந்ததோ?’ என்று விடுதியில் எம்மை வினவாதார் இலர். இரண்டும் முடியவில்லை என்பதே எமது விடையாக இருந்துவந்தது.

நகைத்த நண்பர்பால் எமக்கு மனக்குறை சிறிதும் இல்லை. ஆயினும், ‘இது விளையாட்டுத்தானே’ என்று அவர்கள் முடிவாகக் கூறும்போது அதனை ஒப்புக்கொள்ள எம்மால் இயலவில்லை. விளையாட்டுப் பொறியை விலைக்கு வாங்கி, அதனோடு வந்த தாளிற் கண்டவாறு ஓட்டுங்காறும் அது விளையாட்டேயாம். அதனை அறுத்து, மற்றொன்றோடு பொருத்தி, வண்டியாக்கப் புகுந்த அன்றே அதன் நெருப்புக்கும் அழுத்தத்துக்கும் செய்தவனுடைய பொறுப்பு நம்மைச் சேர்ந்துவிடுகிறது. இதனை யாம் நூலிற் படித்து உணர்ந்தோமல்லோம். வீதியில் ஒரு பொற்கொல்லர் கேட்ட கேள்வியால் உணர்ந்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் இங்கிலாந்தில் நெடுநாள் பணியாற்றித் திரும்பியவர். தம் மக்கள் வளர்ந்துவிட்டபின் பெட்டியிற் கிடந்த இரண்டு விளையாட்டு நீராவிப் பொறிகளை அவர் எம் அறைத்தோழருக்கு அளித்தார். ஒவ்வொன்றிலும் பித்தளைக் கொதிகலன் ஒன்று, அதன்கீழ் எரிசாராய விளக்கு, ஒரு சிறு சிலிண்டர், ஒரு கனச்சக்கரம் ஆகியவையே உள்ளன. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் ‘டப டப’ தகரப் படகைப் பார்த்தவர்க்கு இதுவும் அதன் உறவினம் என்பது விளங்கும். இரண்டையும் ஒன்றாக்கி மீட்டர் பாதை வண்டியைப்போல ஒரு சிறு வண்டி செய்யலாகாதோ என்று எண்ணினோம். மீட்டர் பாதையின் அகலம் 1,000 மி.மீ.; சிறு வண்டிக்கென விற்கும் தண்டவாளத்தின் அகலம் 45 மி.மீ. ஆகவே எம் வண்டி ஏறக்குறைய 22½ பங்கிற் சுருங்கியதாகும்.

இவ்வேலை இங்கிலாந்தில் பழைமையானது. ‘மாடல் இன்ஜினியர்’ என்னும் இதழ் அங்கு 1898-இல் தொடங்கியது. பின்னர் அவ்விதழில் ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் எழுதியவர் லண்டன்–பிரைட்டன் இருப்புப்பாதையில் எஞ்சினோடு உழைத்தவர். அப்பாதையின் பெயரையே தம் புனைபெயராகச் சுருக்கிக்கொண்டவர். சிறிய எஞ்சினில் கரி எரித்து ஆளை இழுப்பது ஆகாது என்று கற்றோர் பலர் கூறிய 1920-களில், 2½ அங்குலப் பாதையில் ஓடும் ‘ஆயிஷா’ என்னும் தம் எஞ்சினைக்கொண்டு ஆளை இழுத்துக் காட்டினார். செய்முறை விளக்கத்தை அவர் ‘சொல்லும் இசையும்’ என்றே வழங்கிவந்தார். இலக்கிய மாணவராகிய எமக்கு அப்பெயர் மிகவும் பிடித்திருக்கிறது.

விளையாட்டென்று இகழ்வோர் நினைவுகொள்ளவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. தண்டவாளத்தில் ஓடும் பெரிய நீராவி வண்டிக்கு முன்னரே சிறிய வண்டி பிறந்துவிட்டது. வில்லியம் மர்டாக் என்பவர் கார்ன்வாலில் எரிசாராய விளக்கால் ஓடும் சிறு வண்டி ஒன்றை 1784-இல் செய்தார். அதனை அவர் இரவில் ஓட்டிப்பார்த்தபோது வழியில் வந்த குருவானவர் ஒருவர் பேயென்று அஞ்சி அலறினார் என்று ஒரு கதை வழங்குகிறது. ரிச்சர்டு டிரெவிதிக் என்பாரின் எஞ்சின் வேல்ஸ் நாட்டில் 10 டன் இரும்பை இழுத்தது 1804-இல்தான்.

இனி எம் வண்டிக்கு வருவோம். விளையாட்டுப் பொறியில் சிலிண்டரே ஊஞ்சல்போல் ஓர் அச்சில் ஆடுகிறது. ஆடும்போது அதன் முகத்திலுள்ள துளை ஒருபுறம் நீராவி வரும் துளையோடும், மறுபுறம் நீராவி வெளியேறும் துளையோடும் மாறிமாறிப் பொருந்தும். தனியே வால்வு வேண்டா என்பது இவ்வமைப்பின் அழகு. ஆனால் நீராவி ஒரு பக்கமே தள்ளும். அரைச் சுற்றுக்குத் தள்ளல் உண்டு, மற்ற அரைச் சுற்றைக் கனச்சக்கரமே கடத்திவிடவேண்டும். யாம் செய்த முதற் பிழை, வண்டிக்கு ஏது கனச்சக்கரம் என்று அதனை அகற்றியமை. இரண்டு சிலிண்டர்களையும் நேரெதிராக அமைத்தால் ஒன்று ஓயும்போது மற்றொன்று தள்ளும் என்று கணக்கிட்டோம். இரண்டும் ஒரே நொடியில் ஓய்ந்துவிடும் இடங்கள் சுற்றுக்கு இரண்டு உள என்பது வண்டி அவ்விடத்தில் நின்றபிறகே தெரிந்தது. பின் ஒன்றுக்கொன்று கால்சுற்று விலக்கி அமைத்தோம். முக்காற் சுற்றுக்குத் தள்ளல் கிடைத்தது, எஞ்சிய காற்சுற்றில் நின்றால் விரலால் தள்ளவேண்டியிருந்தது. இறுதியில் கனச்சக்கரத்தை மீண்டும் ஏற்றி, பொறி மூன்று முறை சுழன்றால் வண்டிச் சக்கரம் ஒருமுறை சுழலுமாறு பற்சக்கரங்களை இடையே வைத்தோம். இதற்கு இரண்டு மாதங்கள் ஆயின.

ஒரு கொதிகலன் இரண்டு சிலிண்டர்களுக்குப் போதாது. எனவே இரு கொதிகலன்களின் ஒவ்வொரு முனையை அறுத்து, இரண்டையும் ஒரே நீண்ட கலனாக ஈயப்பற்றாசினால் இணைத்தோம். அப்போதும் வண்டி சோர்ந்தே நகர்ந்தது. காரணம் என்னை? நீளம் 22½ பங்கு சுருங்கும்போது மேற்பரப்பு ஏறக்குறைய 500 பங்கு சுருங்குகிறது. கொள்ளளவோ ஏறக்குறைய 11,400 பங்கு சுருங்குகிறது. ஆகவே ஒரு துளி நீருக்குரிய மேற்பரப்பு, பெரிய எஞ்சினில் உள்ளதைப்போல் 22½ மடங்காகிறது. வெப்பம் அவ்வளவு எளிதாக வெளியேறுகிறது. பொறியைச் சுருக்கலாம், நீர் கொதிக்கும் 100 டிகிரியைச் சுருக்க இயலாது. கலனைச் சுற்றி மெல்லிய மரச்சிம்புகளைக் கட்டி, சுடுநீரையே ஊற்றினோம். நீராவி பெருகிற்று, காப்பு வால்வு சீறத் தொடங்கிற்று.

அப்போதுதான் எம் தோழர், ‘வீணாகப் போகிற நீராவியை அடக்கினால் வண்டி பாயும், வால்வின் சுருள்வில்லை இரண்டு சுற்று இறுக்கிவிடலாம்’ என்றார். யாமும் இசைந்தோம். இதனை மறைத்து எழுதுவது முறையன்று. இறுக்குவதற்குமுன் ஒழுகிக்கொண்டிருந்த இணைப்பைச் செப்பனிடவேண்டும் என்பதொன்றே எம்மைத் தாமதப்படுத்தியது.

ஈயப்பற்றாசு ஏறக்குறைய 183 டிகிரியில் உருகத் தொடங்கும். கலனில் நீர் வற்றினால் விளக்கின் சுடர் அதனை எளிதில் உருக்கிவிடும். வெள்ளிப்பற்றாசோ 600 டிகிரிக்கு மேற்பட்டே உருகுவது. ‘பொடிவைத்து ஊதுதல்’ என்று நாம் பேச்சில் வழங்கும் தொடர் எத்தொழிலிலிருந்து வந்ததோ அத்தொழிலுடையாரை நாடினோம். கடைவீதியில் முதிய பொற்கொல்லர் ஒருவர் கலனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘உந்துதண்டு’ என்று யாம் வகுப்பிற் கற்ற சொல்லால் விளக்கத் தொடங்க, அவர், ‘பிஸ்டனா தம்பி?’ என்றார். பிறகு, ‘இதற்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கும்? அது தெரியாமல் நான் ஊதமாட்டேன்’ என்றார்.

எமக்குத் தெரியவில்லை. ‘ஐயா, விளையாட்டுப் பொறிதான்’ என்றோம். ‘கடையில் வாங்கியது விளையாட்டு. இந்த ஒட்டு நீங்கள் போட்டது’ என்று கலனை எம் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார்.

அன்றிரவு கணக்குப் போட்டோம். வால்வின் துளை 3 மி.மீ. அகலம், பரப்பு ஏறக்குறைய 7 சதுர மி.மீ. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தில் அவ்வால்வைத் தூக்குவது 70 கிராம் விசை. சுருள்வில்லின்மேல் சிறு எடைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோது அதுவும் அவ்வளவையே காட்டியது. கலனின் முனைத்தகடு 40 மி.மீ. அகலமுடையது, அதே அழுத்தம் அத்தகட்டை 12½ கிலோ எடையால் வெளியே தள்ளுகிறது. யாம் எண்ணியவாறு இறுக்கியிருப்பின் அது 25 கிலோவாகவும் ஆகியிருக்கலாம். ஓர் அரிசி மூட்டையின் பாரம்! அதனைத் தாங்கவேண்டியது எம் கைப்பழக்கமற்ற ஈயப்பற்று. அதன்முன் குனிந்திருப்பவை எம் முகங்கள்.

பெரிய எஞ்சினிலும் இப்பிழை நேர்ந்ததுண்டு. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரில் ‘பெஸ்ட் பிரண்ட்’ என்னும் எஞ்சின் 1830-இல் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு ஜூன் 17-இல், நெருப்பிடும் தொழிலாளி ஒருவர் காப்பு வால்வின் சீற்றம் தொல்லையாயிருக்கிறதென்று அதனை அடைத்துவிட்டார் என்பர். கலன் வெடித்தது, அவர் உயிரிழந்தார். அதன்பின் அப்பாதையில் எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையே பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டி ஒன்றை இணைத்தார்கள். பஞ்சுப் பொதியை நினைத்தால் எமக்கு நகையும் அச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன.

ஈண்டு நம் கல்லூரித் தலைவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். இயற்பியல் பகுதியில் கடைசல் இயந்திரம் ஒன்றும், நல்ல பட்டறை மேசை ஒன்றும் உள்ளன. இலக்கிய மாணவர் அப்பக்கம் செல்ல இடமில்லை. இலக்கியம் படிப்பவன் கையில் அரம் வேண்டா என்பது கருத்தாயின், யாம் விடுதி அறையில் செய்த வேலையை நினைத்துப் பார்க்கவேண்டுகிறோம். தடை எம்மை நிறுத்தவில்லை. அறிந்தவர் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பியது, அவ்வளவே. வாரத்தில் ஒரு மாலை அப்பட்டறையை எல்லா மாணவர்க்கும் திறந்துவைத்து, கலன் செய்வோர் அதனை நீரால் நிரப்பிக் கைப்பம்பினால் இருமடங்கு அழுத்தத்தில் சோதித்த பின்னரே நெருப்பேற்றலாம் என்று விதித்தால் போதும். நீர் நிறைந்த கலன் பிளந்தாலும் வெடிக்காது, ஒழுகிவிட்டு நின்றுவிடும். அச்சோதனையை யாம் இறுதியில் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் செய்துவந்தோம்.

கணக்கெழுதிய தாளோடு மறுவாரம் மீண்டும் சென்றபோது பொற்கொல்லர் அதனைக் கண்ணாடி அணிந்து படித்தார். பின் ஊதுகுழலை எடுத்தார். கூலி வாங்க மறுத்து, வண்டி ஓடும் நாளில் தமக்குச் சொல்லியனுப்பவேண்டும் என்றார். சுருள்வில் இருந்தபடியே இருக்கிறது. வண்டி விடுதித் தாழ்வாரத்தில் நடப்பவனைவிட மெல்லவே செல்கிறது. எம் தோழர்க்கு இன்னும் நிறைவில்லை. வரும் சனிக்கிழமை மாலை வருமாறு அப்பெரியவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம்.