பேசுகிறவருக்கு மட்டும்தானா கோப்பை?

மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் சில மாதங்களில் என்னிடம் வந்து, "எந்தப் போட்டிக்குங்க சார் பேர் கொடுக்கலாம்?" என்று கேட்பார்கள். மதிப்பீட்டுப் போட்டிக்குக் கொடுங்கள் என்பேன். முகம் சப்பென்று ஆகிவிடும். எல்லாரும் யூடியூபில் உலகச் சாம்பியன்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். 2014-இல் கோலாலம்பூரில் ஒற்றை ரோஜாவை வைத்துக்கொண்டு பேசி வென்ற இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி, அடுத்த ஆண்டு வாயில் சிகரெட்டை வைத்தபடி பேச்சைத் தொடங்கிய சவூதியின் முகமது கஹ்தானி, அதற்கும் அடுத்த ஆண்டு பேன்ட்டுக்கு மேலே வெள்ளை ஜட்டியை மாட்டிக்கொண்டு நின்ற சிங்கப்பூர் வழக்கறிஞர் டேரன் டே. இவர்களைப் பார்த்துச் சொக்கிப்போய் வந்தவரிடம், நீங்கள் பேச வேண்டாம், இன்னொருவர் பேசுவதைக் கேட்டுவிட்டு மூன்று நிமிடம் கருத்துச் சொல்லுங்கள் என்றால் எப்படிப் பிடிக்கும்?

நான் கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருப்பவன். மன்றப் போட்டிகளில் பேசியிருக்கிறேன், நடுவராகவும் ஸ்டாப்வாட்ச் பிடிப்பவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நடக்கும் போட்டிகளிலேயே ஆளை மாற்றுவது மதிப்பீட்டுப் போட்டிதான் என்பது என் கட்சி. நம் பள்ளிகளுக்கு உடனே கொண்டுவர வேண்டியதும் அதுதான்.

தயாரித்த பேச்சுப் போட்டியை எல்லாருக்கும் தெரியும். ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. ஏழரை நிமிடத்தைத் தாண்டினால் எவ்வளவு பிரமாதமாகப் பேசியிருந்தாலும் ஆட்டத்தில் இல்லை. (நம் ஊர் கல்யாண வரவேற்பு மேடைகளுக்கும் நூல் வெளியீடுகளுக்கும் இந்த விதியை அரசாணையாகவே போடலாம்.) மன்றத்தில் வென்று, ஏரியா, டிவிஷன், டிஸ்ட்ரிக்ட் என்று ஏறினால் உலகச் சாம்பியன் மேடைவரை போகலாம்.

மதிப்பீட்டுப் போட்டி வேறு மாதிரி. முதலில் போட்டியில் இல்லாத ஒருவர் ஐந்திலிருந்து ஏழு நிமிடம் ஒரு மாதிரிப் பேச்சுப் பேசுவார். போட்டியாளர்கள் எல்லாரும் உட்கார்ந்து கேட்டுக் குறிப்பெடுப்பார்கள். பேச்சு முடிந்ததும் அவர்களை வெளியே அழைத்துப்போய் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். அதற்குள் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொள்ள வேண்டும். நேரம் முடிந்ததும் முதலில் பேசுகிறவரைத் தவிர மற்றவர்களின் குறிப்புத் தாள்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவரவர் முறை வரும்போதுதான் தாள் திரும்பக் கிடைக்கும். அதுவரை வெளியே நின்று மெருகேற்றிக்கொண்டிருக்க முடியாது. அப்புறம் ஒவ்வொருவராக உள்ளே போய், அந்தப் பேச்சில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை, எதை எப்படி மாற்றலாம் என்று இரண்டிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும்.

நடுவரின் மதிப்பெண் தாளைப் பாருங்கள். பேச்சை அலசிய தெளிவுக்கு 40. யோசனைகள் பயன்படும்படி இருக்கின்றனவா என்பதற்கு 30. நோகாமல் சொன்ன விதத்துக்கு 15. சுருக்கி முடித்ததற்கு 15. குரல் வளத்துக்கென்று தனியாக ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. கம்பீரக் குரலும் ஆறடி உயரமும் இல்லாதவன் முதல் பரிசு வாங்கிக்கொண்டு போகக்கூடிய மேடை இது.

ஒரு போட்டியில் மாதிரிப் பேச்சுக்கு வந்தவர் ஒரு வங்கி அதிகாரி, பெண். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினார். முதலில் மதிப்பிட வந்தவர் தயாராக வைத்திருந்த சட்டையை எடுத்து மாட்டியதுபோல, "குரல் ஏற்ற இறக்கம் அருமை, உடல்மொழி அருமை, இன்னும் கொஞ்சம் கண்ணைப் பார்த்துப் பேசலாம், மொத்தத்தில் அருமை" என்று முடித்தார். அந்தப் பேச்சைக் கேட்காமலே சொல்லியிருக்கலாம். முதலில் பாராட்டு, நடுவில் ஒரு குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்ற வாய்ப்பாடு மன்றங்களில் இருக்கிறது. சோம்பேறிகளுக்கு அது வசதி.

அடுத்து வந்தவர் வார்ப்பட ஆலை ஒன்றில் சூப்பர்வைசர். குரல் கரகரப்பு. "மேடம், அப்பா ஐசியூல இருந்தார்னு சொன்ன இடத்துல சிரிச்சீங்க. அது பதட்டத்துல வந்த சிரிப்பு. ஆனா கடைசி வரிசையில இருக்கறவங்களுக்கு அது தெரியாதுங்க. அந்த இடத்துல ரெண்டு வினாடி ஒண்ணும் பேசாம நின்னுட்டு அடுத்த வரிக்குப் போங்க. அப்புறம், அவரோட பழைய சைக்கிளைப் பத்தி ஒரே வரி சொல்லிட்டு விட்டுட்டீங்க. பேச்சே அதுலதான் இருக்கு. அதை முன்னாடி கொண்டு வாங்க." அந்த அம்மையார் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். சூப்பர்வைசருக்குத்தான் கோப்பை.

நம் ஊரில் இது சாதாரணக் காரியம் இல்லை. வயதில் மூத்தவரிடம், பதவியில் பெரியவரிடம், நீங்கள் சொன்னது விளங்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் அது அதிகப்பிரசங்கித்தனம். அதனால்தான் அலுவலகக் கூட்டங்களில் ஜெனரல் மேனேஜர் முக்கால் மணி நேரம் பேசி முடித்ததும் "நல்லா இருந்துச்சுங்க சார்" என்கிறோம். டீக்கடைக்குப் போன பிறகுதான் உண்மையான மதிப்பீடு நடக்கிறது. மன்றத்தில் அந்த உண்மையைச் சொல்லக் கடிகாரம் வைத்து மூன்று நிமிடம் கொடுக்கிறார்கள், மரியாதையோடு சொன்னால் மதிப்பெண்ணும் தருகிறார்கள். சொல்லிப் பழகியவன் கேட்டுக்கொள்ளவும் பழகுகிறான்.

இனி நம் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு வாருங்கள். பெரும்பாலும் பேச்சை எழுதிக் கொடுப்பவர் தமிழாசிரியர், இல்லையென்றால் அப்பாவோ அத்தையோ. குழந்தை மனப்பாடம் செய்து, கையை இன்ன இடத்தில் உயர்த்து என்று சொன்ன இடத்தில் உயர்த்தி இடிமுழக்கம் செய்துவிட்டு இறங்கும். நடுவர் மேடையேறி, எல்லாக் குழந்தைகளும் நன்றாகப் பேசினார்கள், பரிசு மூன்று பேருக்குத்தான் என்பதால் மற்றவர்கள் வருந்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெயர்களை வாசிப்பார். நான்காவதாக வந்த பிள்ளைக்கு எதனால் நான்காவது என்று எவரும் சொல்வதில்லை. தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்தி 5,000, 3,000, 2,000 ரூபாய் என்று பரிசு தருகிறது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற முப்பது பிள்ளைகள் அந்த அரங்கில் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்? தங்கள் முறை வரும்வரை உதட்டை அசைத்து மனப்பாடத்தைச் சரிபார்க்கிறார்கள். முன்னால் பேசுகிறவன் காதில் விழுவதே இல்லை.

மதிப்பீட்டுப் போட்டிக்கு எழுதிக் கொடுக்க எவராலும் முடியாது. என்ன பேச்சு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியாது. காதைத் திறந்துவைத்துக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. பிள்ளையின் சொந்தச் சரக்கு என்ன என்பது அங்கேதான் தெரியும்.

மன்றங்கள் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தயாரித்த பேச்சுக்கு மட்டும்தான் உலக மேடை. மதிப்பீட்டுப் போட்டி டிஸ்ட்ரிக்ட் அளவோடு நின்றுவிடுகிறது. 1924-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி இந்த இயக்கத்தைத் தொடங்கியபோதே, ஒருவர் பேச மற்றவர்கள் குறைநிறை சொல்வது என்பதுதான் ஏற்பாடு. பாதி ஏற்பாட்டுக்கு மட்டும் உலகக் கோப்பை கொடுத்தால், புதிதாக வருகிறவர்கள் ஜட்டி மாட்டிய வீடியோவைத்தான் பார்ப்பார்கள்.

பள்ளியில் இதை நடத்த ஆகும் செலவு மூன்று வண்ண அட்டைகளும் ஒரு கைபேசியும்தான். பிள்ளைகள் ஒருவரையொருவர் புண்படுத்திவிடுவார்களே என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. மாதிரிப் பேச்சை ஒரு ஆசிரியர் பேசட்டும், பிள்ளைகள் மதிப்பிடட்டும். அரசுப் பள்ளியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பசங்க மதிப்பிடறது சரிங்க. ஆனா எங்க ஸ்டாஃப் ரூம்ல யாரு முன்னாடி வருவாங்கன்னு நினைக்கறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. முதல் வருடத்துக்கு மாதிரிப் பேச்சுப் பேச நானே வருகிறேன், ஆறு நிமிடம்தான், பெட்ரோல் செலவுகூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.