கிறிக்கி அடிக்க இடமில்லாத வீடு

சூதாடி நாட்டையும் தம்பிகளையும் மனைவியையும் தோற்ற தருமனைப் பார்த்து செஞ்சி வட்டாரத்தில் யாரும் சிரிப்பதில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துகிலுரிதல் நடக்கும் இரவில், விட முடியாத ஒரு பழக்கம் ஒரு குடும்பத்தை எந்தச் சபையில் கொண்டுவந்து நிறுத்தும் என்பதை விடியவிடியக் கண்கலங்கிப் பார்க்கிறவர்கள் நாம். மேலச்சேரியையும் நம் சுற்றுவட்டாரத்தையும் ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரத்துக்கு வழி போட்டார். கூத்தில் இவ்வளவு தேர்ந்த கண்ணுள்ள நாம், நம் தெருவில் ஒரு வீடு சாமான்களால் நிரம்பி மூச்சுமுட்டியதை எப்படிப் பார்த்தோம்? சிரித்துக்கொண்டு பார்த்தோம். கருமி என்றோம், காயலான் கடை என்று அந்த வீட்டுக்குப் பேர் வைத்தோம்.

எதையும் தூக்கிப்போட முடியாமல் சேர்த்துக்கொண்டே போகிறவரைப் பற்றிப் புதிய கூத்து ஒன்று எழுத உட்கார்ந்தபோதும் அந்தச் சிரிப்புதான் எங்களுக்கு முதலில் வந்தது. கட்டியங்காரன் வந்து உடைந்த குடை, பழைய நாளிதழ்க் கட்டு, அடிபோன அண்டா என்று வரிசையாகச் சொல்லி ஜனங்களைக் குலுங்க வைப்பான் என்று எழுதினோம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண் ஒருத்தி எதிரே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு எங்களில் ஒருவருக்கும் எழவில்லை.

அவளை நமக்குத் தெரியும். பள்ளித் தோழியை ஒருநாளும் வீட்டுக்குக் கூட்டிவராதவள். பெண்பார்க்க வந்தவர்களைக் கோயிலுக்கு வரச்சொன்ன குடும்பம் அது. ஏன் என்று நாம் ஊகித்தோம், கேட்கவில்லை. அம்மா செத்தபோது கூடத்தில் கிடத்த இடமில்லாமல் வாசலில் கிடத்தினார்கள். மாலை போட்டுவிட்டுத் திரும்பிய நாம், வழியெல்லாம் பேசியது அந்த அடைசலைப் பற்றித்தான்.

இப்படி எதையும் விட முடியாமல் சேர்ப்பது நோய் என்று மருத்துவ உலகமே தாமதமாகத்தான் தனியாகப் பிரித்துச் சொன்னது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைத் தனிக் கோளாறாக வகைப்படுத்தியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் தனி இடம் பெற்றது. பெரும்பாலும் பதின்வயதில் தலைகாட்டி, வயது ஏற ஏற முற்றும். நெருங்கிய உறவில் இன்னொருவருக்கும் இருப்பது சாதாரணம். பஞ்சம் பார்த்த தலைமுறை, அதனால் சேர்க்கிறார் என்று நாம் சொல்லிவந்த சமாதானத்துக்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. பறிகொடுத்தவர்கள், வாழ்வில் பெரிய அடி வாங்கியவர்கள் பலரிடம் இது முற்றியிருப்பதைத்தான் அவை காட்டுகின்றன. அந்த அடி என்ன என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்.

கேட்காததோடு நிற்கவில்லை, கெடுதலும் செய்தோம். போகிக்கு முதல்நாள் அவள் அப்பாவை எங்காவது அனுப்பிவைத்துவிட்டு வீட்டை ஒழித்துக்கட்ட யோசனை சொன்னது நாம். மூட்டைகளைத் தெருமுனைக்குச் சுமந்து உதவியதும் நம் பிள்ளைகள். நல்லது செய்ததாகவே நினைத்தோம். திரும்பி வந்தவர் மகளிடம் பேச்சை நிறுத்தினார். காலியான இடத்தை முன்னிலும் வேகமாக நிரப்பினார். வலுக்கட்டாயமாகக் காலி செய்வது நிலைப்பதில்லை, நம்பிக்கையைத்தான் முறிக்கும் என்பது இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களின் அனுபவம். சேர்க்கிறவரையே ஒவ்வொரு பொருளாக எடுக்க வைத்து, யோசிக்க வைத்து, விட வைக்கும் உளவியல் சிகிச்சைதான் பலன் தருவதாகத் தெரிகிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எலும்பு முறிந்தால் ஓடுகிற நாம், இதற்காக யாரையும் அங்கே அழைத்துப்போனதில்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அதையும் யாருக்கும் சொல்லவில்லை.

சிரிப்பை அடித்துவிட்டு மறுபடி எழுதினோம். அப்போதுதான் கூத்து எங்களுக்குக் கைகொடுத்தது. நம் களத்தில் ஒரு பெஞ்சு, இரண்டு பேர் பிடிக்கும் திரை, அவ்வளவுதான். மூட்டை மூட்டையாகச் சாமானைக் கொண்டுவந்து குவிப்பது கூத்துக்கு ஒட்டாது. கூத்து வாத்தியார் ஒரு வழி சொன்னார்: அப்பா வேஷக்காரர் புஜக்கட்டையோடு முதல் வரவில் களம் முழுக்கச் சுழன்று கிறிக்கி அடிக்கட்டும். ஒவ்வொரு காட்சிக்கும் பின்பாட்டுக்காரர்கள் ஓரடி முன்னால் நகர்ந்து உட்காரட்டும். கடைசியில் அவர் சுழலப் பார்ப்பார், கட்டை யார் தோளிலாவது இடிக்கும், நின்றுவிடுவார். ஒத்திகையில் அதைப் பார்த்தபோது எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. புரிசைக் கலைஞர்கள் பிரெக்டையும் மார்க்வெஸ் கதையையும் கூத்தாக்கிக் காட்டியவர்கள்; புதுக்கதை கூத்தில் நிற்குமா என்ற சந்தேகத்துக்கு அவர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். தயங்கியது நாம்தான்.

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்தைக் கதையில் சேர்க்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று விட்டோம். அங்கே சேர்த்தது முற்றுகைக் காலத்தில் எடுத்துச் சாப்பிட. இவர் சேர்ப்பதை இவராலேயே எடுக்க முடியாது. 2025 ஜூலையில் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானபோது கல்லுக்கும் மதிலுக்கும் நாம் காட்டிய பெருமை நியாயமானது. ஆனால் அதே ஊரில் தட்டப்படாத கதவுகளும் இருந்தன.

கூத்து இப்போது பெரும்பாலும் கைக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு விருத்தம் இருக்கிறது, மகளுக்கு ஒப்பாரி இருக்கிறது. முதல் பிரதியில் இல்லாத ஒரு வேஷத்தைப் பிறகு சேர்த்திருக்கிறோம்: பக்கத்து வீட்டுக்காரர். அவர் கதவைத் தட்டி உள்ளே போகிறார், மூட்டைகளுக்கு நடுவில் உட்காருகிறார், "ஏன்ணா, இதெல்லாம் எப்பலேர்ந்து?" என்று கேட்கிறார். அதற்கு மேல் அவர் என்ன பேசுவார் என்று எழுத வரவில்லை. நாங்கள் யாரும் அப்படி ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததில்லை.