"தொடாதே" என்று சொல்லாத ஓர் இடம்



நம் இல்லங்களில் பிள்ளைகள் அன்றாடம் ஓயாது கேட்கும் சொல் எதுவென எண்ணிப் பார்த்ததுண்டா? "தொடாதே" என்பதே அச்சொல். கடிகாரத்தைத் தொடாதே, உடைந்துவிடும். தையல் இயந்திரத்தைத் தொடாதே, ஊசி குத்திவிடும். அன்பினாற் சொல்லும் சொல்தான், மறுக்கவில்லை. ஆயினும் பத்தாண்டுக் காலம் இதனையே கேட்டு வளரும் பிள்ளை, உலகம் என்பது பிறர் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்வதற்கே உரியது என்று முடிவு செய்துவிடுகிறது. இச்சொல்லுக்கு இடமில்லாத ஒரு கூடத்தை அமைத்த மனிதரைப்பற்றி இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன்.

அவர் பெயர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் தலைவராக விளங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. தாமும் இயற்பியல் அறிஞர். 1945-ஆம் ஆண்டு ஜூலையில் நடைபெற்ற முதல் அணுகுண்டுச் சோதனையின்போது அங்கிருந்தவர். இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினராய் இருந்ததை 1949-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்ட அவர், பிறருடைய பெயர்களைச் சொல்ல மறுத்தார். அதனால் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். கொலராடோ மலைநாட்டில் மாடு வளர்த்துப் பிழைத்தார்.

1957-இல் அந்தச் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி கிடைத்தது. அவர் மாணவரை எங்கே அழைத்துச் சென்றார் தெரியுமா? ஊர்க் குப்பைமேட்டுக்கு! பழுதான வண்டிகளின் உறுப்புகளையும் கழித்தெறிந்த கருவிகளையும் பொறுக்கி, அவற்றைக்கொண்டே விசையையும் வெப்பத்தையும் மின்சாரத்தையும் கற்பித்தார்.

பின்னர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில், 1915-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்டிருந்த ஒரு பெரிய மண்டபத்தில், 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்' என்னும் அறிவியல் கூடத்தைத் திறந்தார். ஆரவாரமான விழா இல்லை; காட்சிப் பொருள்களும் சிலவே. ஆனால் வந்தவர் எவரும் அவற்றைத் தொடலாம், திருப்பலாம், அசைக்கலாம். உடைந்தவற்றைச் சீர்செய்யும் பட்டறையையும் அவர் மறைத்து வைக்கவில்லை. பார்வையாளர் கண்ணெதிரிலேயே வேலை நடந்தது. விளக்கம் கூறுவதற்குப் பேராசிரியர்களை அமர்த்தாமல், உயர்நிலைப் பள்ளி மாணவரையே ஊதியம் கொடுத்து அமர்த்தினார். காட்சிப் பொருள்களைச் செய்யும் முறைகளைச் சமையற்குறிப்புகளைப்போல் நூலாக்கிப் பிற ஊரார்க்கும் வழங்கினார். அவர் 1985-இல் மறைந்தார். அக்கூடமோ 2013-இல் துறைமுகத்தை ஒட்டிய புதிய இடத்துக்கு மாறி, இன்றும் நடைபெறுகிறது.

"அது செல்வம் கொழிக்கும் நாடு, நமக்கு எப்படி இயலும்?" என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே இதற்கு விடை உண்டு. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறை வழி அறிவியல் கற்பிக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. 1978-இல், தொழிற்சாலைப் பொறியாளரான அரவிந்த் குப்தா ஓராண்டு விடுப்பில் அங்கு வந்து பணியாற்றினார். அங்கு அவர் கையாண்ட கருவிகள் தீக்குச்சிகளும் சைக்கிள் வால்வு டியூபுமே. மருந்தைச் சுரண்டி நீக்கிய குச்சிகளைச் சிறு டியூபுத் துண்டுகளால் இணைத்தால், நான்கு குச்சிச் சதுரம் விரலால் அழுத்தியதும் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணமோ சாயாது. பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் முக்கோணங்கள் அமைவதன் காரணத்தைப் பிள்ளையின் விரலே அறிந்துகொள்கிறது. பழம்பொருள்களிலிருந்து விளையாட்டுக் கருவிகள் செய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எனினும் அந்த ஹோஷங்காபாத் திட்டம், நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய பின்னும், 2002-இல் மாநில அரசின் ஆணையால் நிறுத்தப்பட்டது. முப்பதாண்டு உழைப்பும் ஓர் ஆணையால் நின்றுபோகக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே, இத்தகைய பணியை அரசையோ ஒரு தனி மனிதரையோ மட்டும் நம்பி விட்டுவிடாமல், ஊராரே தமதெனக் கொண்டு நடத்துதல் வேண்டும்.

எங்ஙனம் தொடங்குவது? மறைக்கல்வி வகுப்பு நடைபெறும் அறையே போதும். பட்டப்பகலில் சன்னல்களை இறுக மூடி, தெருப்பக்கத்துக் கதவில் ஒரு சிறு துளையிட்டு, எதிரே வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். வெளியே செல்லும் மனிதரும் மரங்களும் தலைகீழாய்த் துணியில் தோன்றுவார்கள்! ஒளி நேர்கோட்டில் செல்வதால் மேலிருந்து வருவது கீழேயும், கீழிருந்து வருவது மேலேயும் விழுகிறது. உத்தரத்தில் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டிவிடுங்கள். கல்லின் எடையைக் கூட்டினாலும் ஆடும் நேரம் மாறாது. கயிற்றை நான்கு மடங்கு நீட்டினால்தான் நேரம் இருமடங்காகும். இரு கண்ணாடிகளைச் செங்கோணமாக நிறுத்தி நடுவில் ஒரு பூவை வைத்தால் பிம்பங்கள் மூன்று. கோணத்தை 60 பாகையாகக் குறைத்தால் ஐந்து.

கற்பிப்போர் யார்? நம் தெருவில் வாழும் தச்சர், சைக்கிள் பழுதுபார்ப்பவர், தையல் அறிந்த சகோதரி ஆகியோரே. கையால் உழைப்போரைத் தாழ்வாகக் கருதும் மனப்பான்மை படித்த பிள்ளைகளிடம் வளர்ந்துவரும் இக்காலத்தில், அவர்களை ஆசிரியராகக் காண்பதே ஒரு பாடமன்றோ?

சில நெறிகளை மட்டும் காத்தல் வேண்டும். மின்சாரமும் அமிலமும் கூரிய கண்ணாடியும் அவ்வறைக்குள் வரலாகாது. வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், தவறாது திறத்தல் வேண்டும். இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தால் மூன்றாம் வாரம் பிள்ளைகள் வரமாட்டார்கள். பிள்ளை கேட்குமுன் பெரியவர் விடை சொல்லலாகாது. உடைந்ததற்காக எவரையும் கடிந்துகொள்ளாமல், உடைத்த பிள்ளையையே அருகிருத்திச் சீர்செய்தல் வேண்டும்.

இவற்றுள் கடினமானது எது? பணம் திரட்டுவதன்று, வாய் மூடி நிற்பதே. ஒருவர் நன்கொடையாகத் தந்த தொலைநோக்கி பாழாகிவிடுமே என்று அஞ்சி அலமாரியில் வைத்துப் பூட்டும் நாளில், அவ்வறை நிலைத்திருந்தும் அதன் உயிர் போய்விடும். "இதனால் எத்தனை மதிப்பெண் கூடும்?" என்று நாம் கேட்கும் நாளிலும் அவ்வாறே. தேர்வுத்தாளில் இடம்பெறாத ஒரு கேள்வியை ஒரு சிறுமி தானே கேட்டு, தன் கைகளாலேயே விடை கண்டுவிட்டால், அவ்வறை தன் கடமையைச் செய்துவிட்டது.

அறை அமையும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் வீட்டில் ஓடாது கிடக்கும் பழைய கடிகாரம் ஒன்று இருக்குமே, அதனை எடுத்து, ஒரு திருப்புளியும் உடன் கொடுத்து, இந்த ஞாயிறு மாலை பிள்ளையின் முன் வையுங்கள். அருகில் அமர்ந்திருங்கள், ஒன்றும் சொல்லாதிருங்கள். அங்கிருந்து தொடங்குவோமாக.