செத்த காக்கைக்கும் கணக்கு வேண்டும்

கெப்பாலா பத்தாஸில் கூடியிருக்கும் நாங்கள் தோட்டத் தொழிலாளர்கள், கோழி வளர்ப்பவர்கள், கரையோர மீனவர்கள், தாதியர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். விலங்கியல் படித்தவர் எங்களில் ஓரிருவர்தான். இயக்கத்துக்குப் பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. அதைச் சங்கப் பதிவிலாகாவோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம். கொள்கை முடிவாகிவிட்டது. காட்டிலும் வயலிலும் கரையிலும் நோயுற்றுச் சாகிற ஒவ்வோர் உயிரும் மனிதச் சுகாதாரச் செய்தி. அந்தச் செய்தியைக் கேட்க ஆள் வேண்டும். கேட்டவர் பதிலும் சொல்ல வேண்டும்.

இப்படிப் பேச எங்களுக்கு என்ன அருகதை என்று கேட்பவர்களுக்கு நிப்பாவை நினைவூட்டுகிறோம்.

1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போவை ஒட்டிய கிந்தா வட்டாரத்தில் பன்றி வளர்ப்பவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். சிலர் நினைவு தப்பி இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் கொட்டகையில் பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் வந்தது. பன்றிகளும் சும்மா இருக்கவில்லை. குரைப்பதுபோல் அடித்தொண்டையிலிருந்து இருமின. ஒரு மைலுக்குக் கேட்கும் இருமல் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இவ்வளவு உரக்க வந்த எச்சரிக்கை, மருத்துவமனையின் கணக்குக்குப் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆயின.

அதற்குள் பன்றிகள் லாரி ஏறித் தெற்கே போயின. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரத்தில் நோய் பெரிதாக வெடித்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் வைரஸுக்குப் போனது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். நம் பன்றிகளை அறுத்த சிங்கப்பூர் இறைச்சிக்கூடத்தில் 11 தொழிலாளர்களுக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார். படைவீரர்களை இறக்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். நாட்டின் பன்றிப் பண்ணைகளில் பாதிக்கு மேல் அதோடு மூடப்பட்டன.

வைரஸ் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்களுக்குப் பழந்தின்னி வௌவாலில் விடை கிடைத்தது. தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, மேலிருந்து சொட்டிய சிறுநீரைச் சேகரித்து, சுவாவின் குழு அதிலிருந்து அதே வைரஸைப் பிரித்துக் காட்டியது. பேராக்கில் நோய் தொடங்கிய பெரிய பண்ணையில் பன்றிக் கொட்டகையை ஒட்டியே மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழுந்தது, பன்றி தின்றது. பல்லாயிரம் பன்றிகள் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில் வைரஸுக்குப் புதுப் புது உடல் கிடைத்துக்கொண்டே இருந்தது. காட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஏணியைச் சாத்தி வைத்தவர்கள் நாம்.

பன்றி தொடுபவனுக்குத்தானே வரும் என்று அன்று ஆறுதல் சொல்லிக்கொண்டவர்கள் நம்மிலும் இருந்தார்கள். 2006இல் மலாக்காவில் ஒரு வீட்டுக்குள் வௌவால் பறந்து வந்தது. ஒரு வாரத்தில் அந்த வீட்டுக்காரர் கடுங்காய்ச்சலில் படுத்தார், பிறகு பிள்ளைகள் இருவரும் படுத்தார்கள். அவர் உடலிலிருந்து பிரித்தெடுத்த வைரஸும் புதியது. மலாக்கா வைரஸ் என்று பெயர் பெற்றது. எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் பன்றி இல்லை, பண்ணை இல்லை.

அப்படியென்றால் வௌவாலைச் சுட்டுவிடலாமே என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து கேட்டார். கூடவே கூடாது என்பது இந்த இயக்கத்தின் உறுதி. டுரியான் பூ இரவில் மலர்கிறது. அதற்கு மகரந்தம் சேர்ப்பதில் முதலிடம் வௌவால்களுக்குத்தான். வௌவாலைச் சுட்டுவிட்டு பாலிக் பூலாவ் டுரியானுக்கு வரிசையில் நிற்க முடியாது. இதைவிடப் பெரிய காரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. நிப்பாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸ் அங்கே வௌவாலிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனிதனுக்கும் தாவுகிறது. 25 ஆண்டுத் தரவுகளை வைத்து 2022இல் வெளிவந்த ஆய்வு சொல்வது இது: காடு அழிந்து குளிர்காலத்தில் தேன் கிடைக்காதபோது வௌவால்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து பண்ணைகளின் பக்கம் வந்தன, வைரஸ் தாவியது. மிஞ்சியிருந்த காடு நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் தாவவில்லை. வயிறு நிறைந்த வௌவால் தன் வைரஸைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. எனவே காட்டு விலங்கின் நலம் என்று நாங்கள் சொல்லும்போது ஊசி மருந்தை மட்டும் சொல்லவில்லை. அதன் தீனியையும் இருப்பிடத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

குரங்கின் சாவைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தியாவில் இருந்தார்கள். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, பக்கத்து ஊர்களில் மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்ததால்தான் உண்ணி பரப்பும் அந்த வைரஸ் பிடிபட்டது. ஆனால் 2012இல் பந்திப்பூரில் இறந்த குரங்குகளை அப்புறப்படுத்தி எரித்த வனப் பணியாளர்களுக்கே அந்தக் காய்ச்சல் வந்தது. முன்வரிசையில் நிற்கும் கூலிக்காரனுக்குக் கையுறை கொடுக்காத கண்காணிப்பு எங்களுக்கு வேண்டாம். 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோது நோயாளியைக் கவனித்த தாதி லினி உயிரிழந்ததை எங்கள் தாதியர் உறுப்பினர்கள் மறக்கவில்லை.

இனி நம் வட்டாரமான செபராங் பிறை. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையுள்ள சேற்றுக்கரையில் ஆண்டுதோறும் வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் இறங்குகின்றன. அதே செபராங் பிறையில் 2006இல் கோழிகளிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. தாசெக் குளுகோரில் கம்போங் செலாமாட் பன்றிப் பண்ணைகள் இருக்கின்றன. செம்பனைத் தோட்டங்களில் குரங்குகள் திரிகின்றன. 2018 முதல் மனித மலேரியா உள்நாட்டில் பரவாத நாடு இது. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியாவில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் விழுகிறார்கள். பெரும்பகுதி சபா, சரவாக்கில் என்பதால் இங்கே பேச்சில்லை. கரை, கொட்டகை, தோட்டம் மூன்றும் மோட்டார் சைக்கிளில் ஒரு காலைப்பொழுதில் சுற்றி வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கிற வழக்கத்தைத்தான் எதிர்க்கிறோம்.

காட்டு விலங்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு, ஆடு மாடு கோழி கால்நடைத் துறைக்கு, மனிதன் சுகாதார அமைச்சுக்கு என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். வைரஸுக்கு இந்தப் பங்கீடு தெரியாது. வாய்க்கால் ஓரம் நான்கு காக்கை செத்துக் கிடந்தால் யாரை அழைப்பது? மூன்று துறைக்கும் சேர்த்து ஒரே தொலைபேசி எண் வேண்டும். மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் பேசக்கூடியவர் அதை எடுக்க வேண்டும். சோதனை முடிவு தகவல் சொன்னவருக்குத் திரும்பி வர வேண்டும். பதில் வராத இடத்துக்கு யாரும் இரண்டாம் முறை அழைப்பதில்லை. காய்ச்சலோடு வருபவரிடம் வீட்டுப் பக்கம், வேலையிடத்தில் ஏதாவது விலங்கு செத்துக் கிடந்ததா என்று கிளினிக்கில் கேட்கட்டும். கேட்க அரை நிமிடம் போதும்.

இழப்பீடு பற்றியும் கொல்லும் முடிவு பற்றியும் சொல்லியாக வேண்டும். பண்ணைக்காரர் நோயை மறைப்பது பேராசையால் என்று பேசுவது சுலபம். சொன்னால் மொத்தக் கொட்டகையும் போய்விடும், பணம் எப்போது வருமென்று தெரியாது என்றால் யார்தான் வாய் திறப்பார்? முதலில் தகவல் சொல்பவருக்கு முதலில் இழப்பீடு என்பதைச் சட்டமாக்கக் கோருகிறோம். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதும் தெருநாய்களைக் கொல்லும் ஆணை வந்தது, ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. தடுப்பூசி போட வேண்டிய நேரத்தைச் சண்டை தின்றது. அதனால் எந்த விலங்கையும் கொல்லும் முடிவு எடுக்கும் முன்பு கணக்கையும் காரணத்தையும் ஊரார் முன் வைக்க வேண்டும் என்கிறோம்.

பன்றிக் கொட்டகைக்கு அருகே பழமரம் நடாதிருக்கவும் வௌவால் கடித்த பழத்தைக் கால்நடைக்குப் போடாதிருக்கவும் பண்ணை பண்ணையாகப் போய்ப் பேசுவோம். பண்ணைகளில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் அவரவர் மொழியில் பேசுவோம். அவர்கள் எங்கள் உறுப்பினராகலாம். பெர்மிட் பற்றிக் கேட்க மாட்டோம்.

இந்தப் பறவைக் காலத்திலேயே பெனாகா முதல் கோலா மூடா வரை படகுத்துறைக்கு ஒருவரை அமர்த்துகிறோம். செத்த பறவையை வெறுங்கையால் தொடாமல் படம் எடுப்பது, இடத்தையும் நேரத்தையும் எழுதுவது, அன்றே கால்நடைத் துறைக்கும் பெர்ஹிலித்தானுக்கும் அனுப்புவது, பதில் வந்த நாளையும் வராத நாளையும் அதே ஏட்டில் குறிப்பது அவர் வேலை. அந்த ஏட்டை மாதம் ஒருமுறை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவோம். உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 5 ரிங்கிட். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். வௌவால் வேட்டைக்குப் போகிறவருக்கு இடமில்லை, துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தால் உண்டு.