பிரேக் எண்ணெய் குறைந்தால் ஊற்றிவிட்டால் போதுமா?



இங்கே வழக்கமாக இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும்தான் எழுதுவேன். இன்று என் மகிழுந்தைப் பற்றி எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏனெனில் தவறு என்னுடையது. (பிரேக்கிற்குத் தமிழில் நல்ல சொற்கள் உண்டு. ஆனால் பட்டறையில் போய்ச் சொன்னால் புரிய வேண்டுமே என்பதால் பிரேக் என்றே எழுதுகிறேன். மொழிக் காவலர்கள் பொறுத்தருள்க.)

மாவட்ட அளவிலான கதை சொல்லும் போட்டிக்கு மூன்று மாணவர்களை என் மகிழுந்தில் அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். போட்டிக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. கைப்பிரேக்கைச் சரியாக இறக்கவில்லை போலும் என்று எண்ணினேன். அதற்கும் இதே விளக்குதான் எரியும். மறுநாள் பானெட்டைத் திறந்து பார்த்தால், பிரேக் எண்ணெய்க் குப்பியில் அளவு கீழ்க்கோட்டிற்கும் கீழே கிடந்தது. பெட்ரோல் நிலையத்தில் ஒரு சிறு புட்டி வாங்கி ஊற்றினேன். விளக்கு அணைந்தது, என் கவலையும் அதனோடு அணைந்தது. பத்து நாள் கழித்து மீண்டும் எரிந்தது. மீண்டும் ஊற்றினேன்.

பள்ளி வாகன நிறுத்துமிடத்தில் நான் ஊற்றிக்கொண்டிருந்ததைப் பெற்றோர் ஒருவர் பார்த்துவிட்டார். அவர் பட்டறை வைத்திருப்பவர். போட்டிக்கு வரவிருந்த மூவருள் ஒருத்தி அவர் மகள்.

“சார், இது எத்தனாவது புட்டி?”

“இரண்டாவதுங்க.”

“ஊத்துன எண்ணெய் எங்க சார் போவுது?”

வகுப்பில் விடை தெரியாமல் நிற்கும் மாணவனைப் போல நின்றேன். பிரேக் எண்ணெய் எஞ்சின் எண்ணெயைப் போன்றதன்று. அது எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அடைபட்டுக் கிடந்து, நம் கால் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கடத்துகிறது. முன்சக்கர பிரேக் பேட் தேயத் தேய, எண்ணெய் சற்றே அப்பக்கம் இறங்கித் தங்கும். ஆகவே மாதக்கணக்கில் மெல்லக் குறைவது இயல்பு. பத்து நாளில் குறைந்தால் அது கசிவேயன்றி வேறில்லை.

அன்றிரவு அவர் சொன்னபடி மகிழுந்தின் அடியில் பழைய அட்டைகளை விரித்து வைத்தேன். குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் நீர் காய்ந்துவிடும். பிரேக் எண்ணெய் காயாது. விரலில் தொட்டால் வழுக்கும், இளமஞ்சளாகவோ பழையதாயின் பழுப்பாகவோ இருக்கும். காலையில் பார்த்தேன். அட்டை காய்ந்தே கிடந்தது. கசிவே இல்லை என்று மகிழ்ந்து அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “எதுக்கும் வண்டிய மெதுவா இங்க கொண்டாங்க சார்” என்றார். பின்னர்தான் “வேணாம், அங்கயே இருங்க, நான் வரேன்” என்று திருத்திக்கொண்டார்.

வீட்டு வாசலிலேயே பார்த்தார். முன்சக்கர பேட்டின் தடிமன் போதிய அளவு இருந்தது. மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியையும், மிதியின் அருகே கால்விரிப்பையும் தடவிப் பார்த்தார், ஈரமில்லை. சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களை வளைத்து வெடிப்பு உண்டா என நோக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, மிதியை ஒரே சீராக அழுத்திப் பிடிக்கச் சொன்னார். வெளியே எங்கும் எண்ணெய் குறையாமல் மிதி மட்டும் மெல்லக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் பழுது என்று பொருளாம். என்னுடையதில் அக்குறையும் இல்லை.

இறுதியாகப் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை உருவினார். உள்ளே இருந்த சிறு வீல் சிலிண்டரின் தூசி மறைப்பு ரப்பரை விரலால் நெம்பியதும் எண்ணெய் வழிந்தது. இத்தனை நாளும் கசிந்ததெல்லாம் டிரம்முக்குள்ளேயே தேங்கி, பிரேக் கட்டையை ஊறவைத்திருக்கிறது. தரையில் ஒரு சொட்டும் விழாததற்கு அதுவே காரணம். பிடிக்க வேண்டிய கட்டை வழுக்கும் எண்ணெயில் நனைந்திருந்தது. அந்தச் சக்கரத்தை நம்பித்தான் மூன்று பிள்ளைகளை ஏற்றவிருந்தேன். இரண்டு தனித்தனிச் சுற்றுகள் இருப்பதால் ஒன்று வறண்டாலும் மற்றது ஓரளவு பிடிக்கும் என்றார். ஆயினும் நிற்கும் தூரம் வெகுவாக நீளும். பள்ளி வாசலில் அந்த நீளத்திற்கு இடமேது?

ஒரே வயது என்பதால் இருபுற வீல் சிலிண்டர்களையும் மாற்றினார். ஊறிய கட்டையைக் கழுவிப் போடலாமே என்றேன்; கூடாதென்று இருபுறமும் புதிதே போட்டார். பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கினார். நான் மிதிக்க, அவர் திருகைத் திறந்து மூட, “மிதிங்க… புடிங்க… விடுங்க” என்று ஒரு மணி நேரம். அவர் திருகை மூடுமுன் நான் காலை எடுத்துவிட்டால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். இருமுறை எடுத்தேன், இருமுறையும் ஏச்சு வாங்கினேன். இடையே குப்பி வறளாமலும் பார்த்துக்கொண்டோம்.

என்னிடமிருந்த அரைப் புட்டியை அவர் வாங்கி ஒதுக்கி வைத்துவிட்டார். திறந்த புட்டி நம்மூர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை; ஈரம் ஏறியதற்கு 140 பாகைதான் தரவரம்பு. எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகி, மிதி பஞ்சாகிவிடும். எவ்வகை எண்ணெய் என்பது குப்பியின் மூடியிலேயே எழுதியிருக்கும். எஞ்சின் எண்ணெயை ஊற்றினாலோ ரப்பரெல்லாம் உப்பிக் கெடும்.

செலவு 180 ரிங்கிட். மாதக் கடைசியில் அது எளிய தொகையன்று என்பதை நானறிவேன்; சில ரிங்கிட் புட்டி ஏன் இனிக்கிறது என்பதையும் அறிவேன். ஆயினும் என் கருத்து இதுதான்: காரணம் காணாமல் பிரேக் எண்ணெய் ஊற்றிய வண்டியில் பிறர் பிள்ளையை ஏற்றலாகாது. பழுது பார்க்கப் பணமில்லையெனில் வண்டியை வீட்டில் விட்டுவிட வேண்டும். வணிக வாகனங்களுக்குக் குறிப்பிட்ட காலந்தோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. நம் சொந்த மகிழுந்துகளுக்குச் சாலைவரி புதுப்பிக்க அப்படியொன்றும் கேட்பதில்லை. போட்டிக்கும் புறப்பாட நடவடிக்கைக்கும் மாணவர்களை ஏற்றிச் செல்லும் ஆசிரியர்கள் நம்முள் பலர். பெற்றோரின் இசைவுக் கடிதம் வாங்குகிறோம். பானெட்டைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

பெற்றோர்களே, தயங்காமல் கேளுங்கள். ஆசிரியரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. அந்தத் தந்தை கேட்டார். பழுது பார்த்து முடித்த பிறகும், மகளை ஏற்றுமுன் தாமே ஒருமுறை தாமானைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை என் கையில் தந்தார்.