கதவைத் தட்டுமுன்

என் அக்கா மகன் ஃப்ரீமேசன் லாட்ஜில் சேரப் போகிறானாம். "சித்தி, தாத்தா அதுல இருந்தார்ல, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்று ஃபோனில் கேட்டான். எதற்காகச் சேர வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். "பெரிய பெரிய ஆளுங்கல்லாம் இருக்காங்க சித்தி, தொடர்பு கிடைக்கும்" என்றான். அந்தப் பதில் எனக்கு உறுத்தலாக இருந்தது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே யோசனையோடு வேறு வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கக்கூடும்.

அப்பா மாதத்தில் ஒரு மாலை கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு, கையில் தட்டையான தோல் பெட்டியோடு கிளம்பிவிடுவார். பெட்டிக்குள் அவருடைய மேசன் ஏப்ரன். அதற்கு முந்தைய நாட்களில் மொட்டைமாடியில் நடந்தபடியே ஆங்கிலத்தில் நீளநீளமாக எதையோ மனப்பாடம் செய்வார். நாங்கள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார். என்ன படிக்கிறார் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. எதிர்வீட்டுப் பாட்டி மட்டும், "தலைவெட்டிக் கோயிலுக்கா போறார் உங்கப்பா?" என்று எங்களிடம் குசுகுசுப்பார். பழைய மதராஸில் மேசன் கட்டடங்களுக்கு அதுதான் பெயர். உள்ளே போகிறவனின் தலையை வெட்டி மறுபடி ஒட்டவைப்பார்கள் என்று நம்பினார்கள். வட இந்தியாவில் 'ஜாதூகர்', மந்திர வீடு என்றார்கள். ஊர் வாய்க்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. சாலமோன் அரசனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஹிராம் அபிஃப் கொலையுண்ட கதையை உறுப்பினர்கள் ஏறும் மூன்று படிகளில் கடைசிப் படியின் சடங்கில் நடித்துக் காட்டுகிறார்கள்.

இதை ஒரு மதம் என்றோ இரகசியச் சதிக்கூட்டம் என்றோ நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேசன் என்றால் கொத்தனார். ஐரோப்பாவில் தேவாலயங்களைக் கட்டிய கல்தொழிலாளர் சங்கங்களின் கருவிகளையும் வழக்கங்களையும், கல்லைத் தொட்டறியாத கனவான்கள் ஒழுக்கப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். மூலைமட்டம் நேர்மைக்கு, கவராயம் அடக்கத்துக்கு, ரசமட்டம் சமத்துவத்துக்கு, தூக்குக்குண்டு கோணாத நடத்தைக்கு. லண்டனில் 'கூஸ் அண்ட் கிரிடயர்ன்' என்ற மதுக்கடையில் நான்கு லாட்ஜ்கள், அதாவது கிளைச் சங்கங்கள், கூடி கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமைச் சங்கத்தை அமைத்ததாகச் சொல்லப்படும் 1717 ஜூன் 24இலிருந்துதான் இவர்கள் தங்கள் அமைப்பின் வயதைக் கணக்கிடுகிறார்கள். மதராஸுக்கு இது 1752இலேயே வந்துவிட்டது. 1786இல் தொடங்கிய 'பெர்ஃபெக்ட் யுனானிமிடி' இங்கே புகழ்பெற்ற லாட்ஜ். 1961 நவம்பர் 24 அன்று இந்திய கிராண்ட் லாட்ஜ் அமைந்தது. அதன் தென்மண்டலத் தலைமையகம் சென்னையில்தான்.

சேர்வது எப்படி? யாரும் வந்து அழைக்க மாட்டார்கள். நீயாகக் கேட்க வேண்டும். 21 வயது நிறைந்த ஆணாக இருக்க வேண்டும், இறைநம்பிக்கை வேண்டும். எந்த இறைவன் என்று கேட்பதில்லை. இந்திய லாட்ஜ்களில் பீடத்தின் மேல் கீதை, குரான், பைபிள் என்று பல மறைகள் இருக்கும். அவரவர் தத்தம் நூலின் மீது கைவைத்து உறுதிமொழி எடுக்கலாம். உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிவார். ஒரு குழு வந்து பேசிப் பார்க்கும். பிறகு இரகசிய வாக்கு: வெள்ளை உருண்டை சம்மதம், கறுப்பு உருண்டை மறுப்பு. ஓரிரு கறுப்பு விழுந்தாலே போதும், கதவு திறக்காது. உள்ளே வந்தபின் மூன்று படிகள்: என்டர்ட் அப்ரென்டிஸ், ஃபெலோ கிராஃப்ட், மாஸ்டர் மேசன். மதச் சண்டையும் அரசியல் பேச்சும் லாட்ஜுக்குள் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை அப்பா கட்டடத்துக்கு வெளியிலும் காப்பாற்றினார். கல்யாண வீட்டில் கட்சிப் பேச்சு சூடேறினால் மெல்ல எழுந்து போய்விடுவார்.

அப்பா காலமான பிறகுதான் இந்தச் சடங்குகளைப் பற்றித் தேடிப் படித்தேன். இரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1730இலேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் இவற்றை அச்சடித்து விற்றுவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள். முதல் படிச் சடங்கில் ஓர் இடம் என்னை விடவே இல்லை. சேர வருகிறவன் காசு, மோதிரம், கடிகாரம் என்று உடம்பிலுள்ள உலோகம் அத்தனையும் கழற்றி வெளியே வைக்க வேண்டும். கண்ணைக் கட்டி, ஒரு காலில் செருப்பு மாட்டி, கழுத்தில் கயிறு போட்டு உள்ளே அழைத்து வருவார்கள். நண்பர்களின் தூண்டுதலால் வரவில்லை, ஆதாயத்தை எண்ணியும் வரவில்லை, என் சொந்த விருப்பத்தால் வந்தேன் என்று எல்லோர் முன்னிலையிலும் அவன் சொல்ல வேண்டும். உறுதிமொழியெல்லாம் முடிந்து கட்டு அவிழ்த்தபின் வடகிழக்கு மூலையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கட்டடத்துக்கு முதல் கல் வைக்கும் மூலை; நமக்கும் ஈசானிய மூலைதானே. அங்கே நிற்கும்போது, வறியவர்களுக்கு உன்னால் இயன்றதைக் கொடு என்று கேட்பார்கள். அவனிடம் ஒரு பைசா இருக்காது. கொடுக்க ஒன்றுமில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையில் இருந்தால் கொடுப்பாயா என்று கேட்டுவிட்டு, உதவி தேடி வருகிறவர்களைக் காணும்போது இந்த நிமிடத்தை நினைத்துக்கொள் என்பார்கள்.

அப்பாவிடம் உதவி கேட்டு வந்த யாரும் வாசலில் நின்று திரும்பியதில்லை. அவர் அந்த மூலையில் நின்ற மாலைதான் அதற்குக் காரணமா என்று எனக்குத் தெரியாது; ஆனால் நான் அப்படித்தான் நம்புகிறேன். கோவையில் குழந்தைகளுக்காக மேசன்கள் நிறுவிய மருத்துவ மையமும் அந்த மூலையிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். தொடர்பு தேடி அங்கே போய் நிற்கிறவன், ஆதாயம் எண்ணவில்லை என்று முதல் வாக்கையே பொய்யாகச் சொல்லியாக வேண்டும். அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

சமத்துவம் என்று சொன்னதை இந்த அமைப்பு எப்போதும் காப்பாற்றியதில்லை என்பதையும் அவனிடம் மறைக்கவில்லை. 1770களில் திருச்சிராப்பள்ளியில், ஆற்காடு நவாப் முகம்மது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா மேசனாகச் சேர்ந்தார். லண்டன் கிராண்ட் லாட்ஜ் மகிழ்ந்துபோய் அலங்கார ஏப்ரனும் தங்கள் விதிநூலும் அனுப்பியது. பின்னால் நவாபான அவர் 1801இல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அவருடைய ஆட்சிப்பகுதியை விழுங்கிவிட்டது. சகோதரர் என்ற பட்டத்தால் அவர் பிள்ளைக்கு அரசு கிடைக்கவில்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்பவர் லாட்ஜில் சேர 1863இல் விண்ணப்பித்தார். பல தெய்வங்களை வணங்கும் இந்துவைச் சேர்க்கலாமா என்று தடை. அவர் விடவில்லை, 1872இல்தான் சேர்த்தார்கள். அவர் நுழைந்த அதே 'ஆங்க்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில்தான் 1884இல் இளைஞர் நரேந்திரர் சேர்ந்தார், பின்னாளில் விவேகானந்தரான அதே நரேந்திரர்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். 1738இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் விதித்த தடை இன்றும் நீடிக்கிறது; 1983இலும் 2023இலும் வத்திக்கான் அதை மறுபடி உறுதிசெய்தது.

எனக்கு ஆறாத குறை ஒன்று. அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அவருக்குப் பின்னால் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போக எங்கள் இருவருக்கும் வழியில்லை. பெண்களால் முடியாது என்றில்லை. பிரான்ஸில் மரியா தெரெம் 1882லேயே மேசனானார். 1893இல் ஆணும் பெண்ணும் சேர்ந்த அமைப்பே அங்கே உருவானது. அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் 1902இல் அதில் சேர்ந்து இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். ஆனால் எழும்பூர் ஃப்ரீமேசன்ஸ் ஹாலில் கூடுகிறவர்களின் மரபு பெண்களை ஏற்பதில்லை. தத் வெளியே நின்று ஒன்பது ஆண்டுகள் போராடித் திறந்தார்; இந்தக் கதவை யாராவது உள்ளேயிருந்து தட்ட வேண்டும்.

அக்கா மகன் சென்ற வாரம் மறுபடி பேசினான். தொடர்புக்காக இல்லை, தாத்தா என்ன படித்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறேன் என்றான். அப்படியென்றால் போ என்றேன். கட்டணம் எவ்வளவு, மாதம் எத்தனை மாலை வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள், உன் மனைவியிடம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடு என்றேன். மூன்று படியும் ஏறி, உனக்கென்று ஒரு வாக்கும் வந்தபின், உன் அம்மாவுக்கும் சித்திக்கும் ஏன் இடமில்லை என்று கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான்.